வெள்ளை ரோஜாக்களுக்கு நடுவே ஒரு வெள்ளை உருவம்: வான் கோவின் தோட்டப் படத்தை எப்படிப் படிப்பது?

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் 46 செ.மீ. உயரமும் 55 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. ‘தோட்டத்தில் மார்கரித் கஷே’ என்று இன்று அறியப்படும் இதனை வின்சென்ட் வான் கோ 1890 ஜூன் மாதத் தொடக்கத்தில், தம் மரணத்துக்கு ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன்பு வரைந்தார். செடிகளும் கொடிகளும் அடர்ந்த ஒரு வீட்டுத் தோட்டம். அவற்றுக்கு நடுவே வெண்ணிற உடையும் தொப்பியும் அணிந்து நிற்கும் ஒரு பெண். சுற்றிலும் வெள்ளை ரோஜாக்கள். படத்தில் இருப்பது அவ்வளவுதான்.

ஆயினும் இதைப் பார்ப்பவர்களிடம் சில குழப்பங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பெண்ணின் முகம் ஏன் தெளிவாக இல்லை? படம் பாதியில் நிறுத்தப்பட்டதா? வான் கோவின் ரோஜாக்கள் முதலில் இளஞ்சிவப்பாக இருந்து பின்னர் வெளுத்தவை என்ற செய்தி பரவலாகி இருக்கிறதே, இங்கே காணும் வெள்ளையும் அப்படி வெளுத்ததுதானா? கஷே குடும்பத்திடமிருந்து வந்த படங்களைப் பற்றி ஐயங்கள் எழுந்தனவே, இது உண்மையில் வான் கோ வரைந்ததுதானா? இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் அடியில் ஒரே சிக்கல் இருக்கிறது. இன்று நம் கண்முன் நிற்கும் ஓவியம், ஓவியர் செய்த தேர்வுகளும், காலம் செய்த மாற்றங்களும், பிற மனிதர்கள் சேர்த்த பெயர்களும் கதைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தது. இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

படம் பிறந்த இடம்

தென் பிரான்ஸின் சான்-ரெமி மனநல விடுதியை விட்டு வெளியேறிய வான் கோ, பாரிஸில் தம்பி தியோவின் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு, 1890 மே 20 அன்று ஓவேர்-சூர்-வாஸ் என்ற சிற்றூருக்கு வந்தார். பாரிஸிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், வாஸ் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. அங்கே டாக்டர் போல் கஷே இருந்தார் என்பதே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம். ஓவியர் பிஸ்ஸாரோ அவரைத் தியோவுக்குப் பரிந்துரைத்திருந்தார். கஷே ஹோமியோபதி மருத்துவர், செசான், பிஸ்ஸாரோ ஆகியோரின் நண்பர், ஓவியங்களைச் சேகரித்தவர், போல் வான் ரிஸ்ஸல் என்ற பெயரில் தாமே வரைந்தும் வந்தவர். மனைவியை இழந்திருந்த அவர், மகள் மார்கரித், மகன் போல் ஆகியோருடன் வாழ்ந்தார். அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் இந்தப் படம் பிறந்தது. எழுபது நாள் தங்கலில் எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்த வேகத்தில் இதுவும் ஒன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த நாட்களில் ஒரு படத்துக்கு ஓரிரு அமர்வுகளுக்கு மேல் அவர் எடுத்துக்கொண்டது அரிது.

முதலில் மோனே: ஒளி என்ற பொருள்

வான் கோவின் கலை பின்-இம்ப்ரஷனிசம் என்ற பெயரில் அறியப்படுகிறது. அதை விளங்கிக்கொள்ள அதற்கு முந்திய இம்ப்ரஷனிசத்தை அறிய வேண்டும். அதற்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. அதே ஓர்சே அருங்காட்சியகத்தில் கிளோத் மோனேயின் ‘தோட்டத்தில் பெண்கள்’ இருக்கிறது. 1866-67 காலத்தில் வரையப்பட்ட அது 255 செ.மீ. உயரமும் 205 செ.மீ. அகலமும் கொண்டது. இவ்வளவு பெரிய துணியைத் தோட்டத்திலேயே வைத்து வரைய வேண்டும் என்பது மோனேயின் பிடிவாதம். அதனால் தரையில் ஒரு பள்ளம் வெட்டி, கப்பியைக் கொண்டு படத்தை அதற்குள் இறக்கி, மேற்பகுதியை வரைந்தார். 1867-இல் பாரிஸ் சலோன் என்ற அதிகாரபூர்வக் கண்காட்சி அதை நிராகரித்தது. நண்பர் ஃபிரெதெரிக் பஸீய் 2,500 ஃபிராங்கு விலைக்கு, மாதம் 50 ஃபிராங்காகக் கொடுக்கும் ஏற்பாட்டில், அதை வாங்கினார். நிராகரிக்கப்பட்ட அதே படத்துக்கு 1921-இல் பிரெஞ்சு அரசு 2 லட்சம் ஃபிராங்கு கொடுத்தது.

மோனேயின் படத்தில் பெண்கள் நால்வர். பின்னாளில் அவர் மணந்த காமீய் அவர்களில் பலருக்கு மாதிரியாக நின்றார். ஆனால் அது காமீயின் உருவப்படம் அன்று. இலைகளின் ஊடே வரும் வெயில் வெள்ளை உடைமேல் விழும்போது நிழல் கறுப்பாக அல்லாமல் நீலம் கலந்து தெரிகிறது என்பதே அப்படத்தின் கண்டுபிடிப்பு. பின்னர் 1874-இல் நடந்த கூட்டுக் கண்காட்சியையொட்டி இம்ப்ரஷனிசம் என்ற பெயர் பெற்ற இயக்கத்தின் விதை இங்கே இருக்கிறது. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேளையில், கண்ணில் படும் ஒளியை உண்மையாகப் பதிவு செய்வது அதன் நோக்கம்.

பின்-இம்ப்ரஷனிசம் எதை மாற்றியது?

இந்தப் பெயரை வான் கோ ஒருநாளும் கேட்டதில்லை. 1910 நவம்பரில் லண்டனின் கிராஃப்டன் காட்சியகத்தில் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை ஏற்பாடு செய்த கண்காட்சிக்காக உருவான பெயர் அது. அப்போது வான் கோ இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. செசான், கோகான், சூரா, வான் கோ ஆகியோர் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் அல்லர். இம்ப்ரஷனிஸ்டுகளின் வண்ணச் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டு, அவர்களின் இலக்கு மட்டும் போதாது என்று கருதியதே இவர்களுக்குப் பொதுவானது. வான் கோவைப் பொறுத்தவரை மாற்றம் மூன்று நிலைகளில் நிகழ்ந்தது.

1. தீற்றல்: மோனேயிடம் தூரிகைத் தீற்றல் ஒளியின் சிதறலைக் காட்டும் கருவி. வான் கோவிடம் அதற்குத் திசையும் தாளமும் வந்துவிடுகின்றன. புல் மேல்நோக்கிக் கோடு கோடாக எழுகிறது, கொடி வளைந்து சுழல்கிறது, உடையின் மடிப்பும் அதே அசைவில் இறங்குகிறது. பொருள்களைப் பிரித்துக் காட்டுவதைவிட அவற்றை ஒரே ஓட்டத்தில் கட்டுவதே அத்தீற்றலின் வேலை.

2. நிறம்: கண்ட நிறம் என்பது போய், தேர்ந்த நிறம் என்பது வருகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் 1839-இல் வெளியிட்ட நிற முரண் விதிகள் அந்தத் தலைமுறை ஓவியர்களின் அடிப்படைப் பாடம். சிவப்பும் பச்சையும், நீலமும் செம்மஞ்சளும் போன்ற எதிர்நிறங்கள் அருகருகே அமையும்போது ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும் என்பது அதன் சாரம். இதைச் சூரா புள்ளிகளாகக் கணக்கிட்டுக் கையாண்டார். வான் கோ உணர்ச்சியின் மொழியாகக் கையாண்டார்.

3. மனித உருவம்: இந்த மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். முகச்சாயல் இல்லாமலேயே ஒருவரின் இயல்பை நிறங்களின் உறவால் சொல்ல முடியும் என்று வான் கோ நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு மறுக்க முடியாத சான்று 1888 நவம்பரில், கோகான் அவருடன் தென் பிரான்ஸின் ஆர்ல் நகரில் தங்கியிருந்தபோது நினைவிலிருந்து வரைந்த ‘எட்டன் தோட்டத்தின் நினைவு’ என்ற படம். இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள அதில் இரண்டு பெண்கள் தோட்டப் பாதையில் நடக்கிறார்கள். தங்கை வில்லெமினுக்கு எழுதிய கடிதத்தில், அவர்களை நீயும் அம்மாவும் என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வான் கோ, சாயல் சிறிதும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அடர்ந்த ஊதாவும் அதன்மேல் அறையும் டாலியா மலர்களின் எலுமிச்சை மஞ்சளும் தாயின் ஆளுமையைத் தமக்கு உணர்த்துவதாகவும், சைப்ரஸ் மரத்தின் கரும்பச்சைக்கு எதிரே நிற்கும் செம்மஞ்சளும் பச்சையும் கட்டமிட்ட சால்வை தங்கையை உணர்த்துவதாகவும் எழுதுகிறார். ஒரு பெண்ணையும் ஒரு தோட்டத்தையும் தனித்தனியாக வரையாமல், இரண்டையும் ஒரே நிற வாக்கியமாக எழுதும் முறை அப்போதே அவர் கைவசம் வந்துவிட்டது.

கடிதம் என்ன சொல்கிறது?

ஓவேர் தோட்டப் படத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நெருக்கமான ஆவணம், 1890 ஜூன் 3 அன்று தியோவுக்கு வான் கோ எழுதிய கடிதம். டாக்டர் கஷேயின் வீட்டில் இரண்டு படங்கள் வரைந்து அவருக்கே கொடுத்துவிட்டதாக அதில் குறிப்பிடுகிறார். ஒன்றில் கற்றாழையும் சாமந்தியும் சைப்ரஸ் மரங்களும். மற்றொன்று, கடந்த ஞாயிற்றுக்கிழமை வரைந்தது, வெள்ளை ரோஜாக்களும் திராட்சைக் கொடிகளும் அவற்றுக்குள் ஒரு வெள்ளை உருவமும். அடுத்ததாக, டாக்டரின் மகளின் உருவப்படத்தையும் அநேகமாக வரைவேன் என்று சேர்க்கிறார். அந்த ஞாயிறு ஜூன் 1.

இச்சிறு பகுதியிலிருந்து எதை உறுதியாகக் கொள்ளலாம் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. வான் கோ இதை உருவப்படமாகக் கருதவில்லை. மகளின் உருவப்படம் இனிமேல் வரையப்போவது; இதுவோ ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆகவே முகம் தெளிவாக இல்லாததைக் குறையாகவோ, கைவிடப்பட்ட வேலையின் அடையாளமாகவோ கொள்வது தவறு.

2. படம் முடிவடைந்ததாகவே அவர் எண்ணினார். இல்லையென்றால் டாக்டரிடம் கொடுத்திருக்க மாட்டார்.

3. அடுக்கு முறை கவனிக்கத்தக்கது. முதலில் ரோஜா, பிறகு கொடி, கடைசியில் உருவம். உருவத்துக்கு அவர் தரும் ஒரே அடைமொழி ‘வெள்ளை’. அதாவது அந்தப் பெண் படத்துக்குள் வருவது ரோஜாக்களின் நிறத்தைத் தாங்கும் இன்னொரு வடிவமாக. பச்சைப் பரப்பில் சிறுசிறு புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும் வெண்மை ஓர் இடத்தில் திரண்டு நிமிர்ந்து நிற்கிறது. இந்த நிற அமைப்பே படத்தின் உயிர் என்பது என் துணிபு. முகத்தைத் தீட்டியிருந்தால் பார்வை அங்கே சென்று நின்றுவிடும்; தோட்டம் வெறும் பின்னணியாகச் சுருங்கிவிடும்.

4. பெண்ணின் பெயர் கடிதத்தின் அந்த வரியில் இல்லை. இதன் விளைவைப் பின்னர் காண்போம்.

மகளை உருவப்படமாக வரையும் எண்ணத்தை ஜூன் கடைசி நாட்களில் அவர் நிறைவேற்றினார். பியானோ முன் அமர்ந்திருக்கும் மார்கரித்தின் அந்த ஓவியம், ஏறத்தாழ 1 மீட்டர் உயரமும் அரை மீட்டர் அகலமும் கொண்டு, இன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. அதைப் பற்றிய கடிதத்தில் உடை இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் புள்ளிகள் இட்ட பச்சைச் சுவர், பச்சைப் புள்ளிகள் இட்ட சிவப்புக் கம்பளம், கருநீல ஊதாப் பியானோ என்று நிறம் நிறமாக அடுக்குகிறார். கிடைமட்டமாக வரைந்த ஒரு கோதுமை வயல் படத்துக்கு அருகே இதை வைத்தால் இரண்டும் நன்கு பொருந்தும் என்றும் எழுதுகிறார். ஒரு பெண்ணின் உருவப்படமும் ஒரு வயலும் இணையாகலாம் என்று எண்ணியவரின் கண்ணில் தோட்டமும் பெண்ணும் இணைவதில் வியப்பில்லை.

நிறம் ஏன் மாறுகிறது?

இனி காலத்தின் பங்கு. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வேதியியல் தொழில் ஓவியர்களுக்குப் புதிய நிறமிகளைத் தந்தது. உலோகக் குழாய்களில் அடைத்து விற்கப்பட்ட அவை மலிவாகவும் கண்ணைப் பறிப்பதாகவும் இருந்தன. பல நிலையற்றவையாகவும் இருந்தன. வான் கோவின் படங்களில் இரண்டு நிறமிகள் குறிப்பாகத் தொல்லை கொடுத்துள்ளன.

1. ஜெரானியம் லேக்: இயோசின் என்ற செயற்கைச் சாயத்தை நிறமற்ற அலுமினியச் சேர்மம் ஒன்றின்மேல் படியவைத்துச் செய்யும் சிவப்பு நிறமி. ஒளி படப்படச் சாய மூலக்கூறு சிதைந்து நிறம் இழக்கிறது. வெள்ளையுடன் கலந்து இளஞ்சிவப்பாகத் தீட்டிய இடங்களில் சாயத்தின் அளவு குறைவு என்பதால் அங்கே இழப்பு விரைவாகவும் முழுமையாகவும் நிகழ்கிறது, எஞ்சுவது வெள்ளை. நீலத்துடன் கலந்து ஊதாவாக்கிய இடங்களில் எஞ்சுவது நீலம்.

2. குரோம் மஞ்சள்: இது ஈயக் குரோமேட். சில வகைகளில், ஒளியின் தாக்கத்தால் மேற்பரப்பிலுள்ள குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற நிலை ஆறிலிருந்து மூன்றாகக் குறைகிறது. மஞ்சள் பழுப்பாக இருள்கிறது. சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியில் உருவாகும் வலிமை மிக்க எக்ஸ்-கதிர்களைக் கொண்டு இதன் வேதியியலை விளக்கிய ஆய்வு 2011-இல் வெளியானது.

இது வான் கோவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சூராவின் ‘கிராண்ட் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’ படத்தில் துத்தநாக மஞ்சள் கலந்த புள்ளிகள் மங்கிவிட்டதை, ஓவியர் இறந்த அடுத்த ஆண்டான 1892-இலேயே விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் வருந்தி எழுதினார். வான் கோவும் இந்த ஆபத்தை அறியாதவர் அல்லர். இம்ப்ரஷனிஸ்டுகள் பரவலாக்கிய நிறங்கள் நிலையற்றவை, காலம் அவற்றை மென்மையாக்கிவிடும், ஆதலால் இப்போதே துணிந்து அழுத்தமாகப் பூச வேண்டும் என்று 1888-இல் தியோவுக்கு எழுதியிருக்கிறார். மெதுவாகவே தணியும் என்று அவர் எண்ணியிருக்கலாம்; முற்றிலும் மறையும் என்பதை எதிர்பார்த்து அந்த ஏற்பாட்டைச் செய்ததாகக் கொள்ள முடியாது.

விளைவு எவ்வளவு பெரியது என்பதைச் சில படங்கள் காட்டும். ஆர்ல் படுக்கையறையின் சுவர்களை வெளிர் ஊதா என்று அவர் எழுதினார். இன்று நாம் காண்பது நீலம். 1890 மே மாதம் சான்-ரெமியை விட்டுக் கிளம்புமுன் வரைந்த நான்கு பூச்சாடிப் படங்களில், இளஞ்சிவப்புப் பின்னணியில் ஊதா ஐரிஸ் மலர்கள் என்று அவர் விவரித்தது இன்று ஏறத்தாழ வெள்ளைப் பின்னணியில் நீல மலர்களாக நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே தொகுதியின் இளஞ்சிவப்பு ரோஜாக்கள் வெளுத்துவிட்டன. 2015-இல் அங்கு நடந்த கண்காட்சியில் அந்த நான்கு படங்களையும் ஒன்றுசேர்த்து இந்த இழப்பை விளக்கினார்கள். வான் கோவின் வெள்ளை ரோஜாக்கள் எல்லாமே ஒருகாலத்தில் இளஞ்சிவப்பாக இருந்தவை என்ற எண்ணம் இதனால் எளிதில் எழக்கூடும்.

அந்த விளக்கம் இங்கே பொருந்துமா?

இங்கே நிதானம் தேவை. பூச்சாடி ரோஜாக்களை ஓவியரே இளஞ்சிவப்பு என்று எழுதியிருக்கிறார். படம் வெள்ளையாக இருக்கிறது. ஆகவே மாற்றம் நிகழ்ந்தது உறுதி. ஓவேர் தோட்டத்து ரோஜாக்களையோ, வரைந்து இரண்டு நாள்கூட முழுதாகக் கழியாத நிலையில், வெள்ளை என்றே அவர் எழுதுகிறார். உருவத்தையும் வெள்ளை என்கிறார். ஒரே நிறமிப் பெட்டி, ஒரே பருவம், ஒரே மலர் என்ற காரணங்களை வைத்து ஒரு படத்தின் விளக்கத்தை இன்னொன்றின்மேல் ஏற்றிவிட முடியாது. வெண்மைக்குள் மெல்லிய செந்நிறத் தீற்றல்கள் சில இருந்து மறைந்திருக்கக் கூடும் என்ற வாய்ப்பை இது மறுக்கவில்லை. இயோசின் மூலக்கூறில் புரோமின் அணுக்கள் இருப்பதால், நிறம் மறைந்த பிறகும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் அந்தப் புரோமினைத் தேடி, செந்நிறம் இருந்த இடங்களை வரைபடமாக்க இயலும். எனினும் படத்தின் அடிப்படைத் திட்டம், பச்சைக்குள் வெண்மை என்பது, ஓவியருடையதே. அதைக் காலத்தின் கணக்கில் எழுதுவது அவர் செய்த தேர்வைப் பறிப்பதாகும்.

வெளுத்த இடங்களில் அருங்காட்சியகங்கள் ஏன் மீண்டும் வண்ணம் பூசுவதில்லை என்றும் பலர் கேட்பதுண்டு. மேலே பூசும் ஒவ்வொரு தீற்றலும் ஓவியருடைய தீற்றலை மறைக்கும். அவருடைய கைத்தடமே மூலப்பொருள். அதனால் மறைந்த நிறத்தைக் கணினியில் மீட்டு அருகே காட்டுவதும், படத்தின்மேல் விழும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தி எஞ்சியதைக் காப்பதுமே இன்றைய நெறி.

பிறர் கை பட்ட இடங்கள்

மாற்றம் எப்போதும் வேதியியலால் மட்டும் வருவதில்லை. 1890 ஜூலையில் வான் கோ ‘தோபிஞியின் தோட்டம்’ என்ற படத்தை வரைந்தார். மறைந்த ஓவியர் தோபிஞியின் வீட்டுத் தோட்டம். பின்னால் கறுப்பு உடையில் ஒரு பெண். முன்புறத்தில் ஒரு கறுப்புப் பூனை. தியோவுக்கு அனுப்பிய கடைசிக் கடிதத்தில் அந்தப் பூனையையும் குறிப்பிடுகிறார். அப்படத்தின் இரண்டு வடிவங்களில், ஜப்பானின் ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் உள்ளதில் பூனை இல்லை. பிற்காலத்தில் யாரோ அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள்; அடியில் பூனை இருப்பதை ஆய்வு காட்டியிருக்கிறது.

கஷே வீட்டுப் படத்துக்கு இப்படி எதுவும் நேர்ந்திருக்குமா, அல்லது அதைவிட மோசமாக, அது முழுவதுமே வேறு கையால் ஆனதா என்ற ஐயம் எழக் காரணம் உண்டு. டாக்டரும் அவர் வட்டத்தினரும் வான் கோவின் படங்களையும் செசானின் படங்களையும் பார்த்து நகல் வரைந்தனர். 1949 முதல் 1954 வரை கஷேயின் பிள்ளைகள் பிரெஞ்சு அரசுக்குப் பெருங்கொடையாகப் படங்களை அளித்தபோது, அவற்றில் சில நகல்களாக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. டாக்டர் கஷேயின் உருவப்படத்தின் இரண்டாம் வடிவத்தைச் சுற்றியே அந்த விவாதம் பெரிதும் நடந்தது. 1999-இல் பாரிஸில் தொடங்கிய கண்காட்சியில் மூலங்களையும் நகல்களையும் அருகருகே வைத்து, ஆய்வக முடிவுகளையும் வெளியிட்டார்கள்; நகல்களின் தளர்ந்த கோடுகளுக்கும் மூலங்களுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது.

நம் படத்துக்கு அதைவிட நேரடியான பாதுகாப்பு இருக்கிறது. ஓவியரே வரைந்ததாக எழுதிய கடிதம் உண்டு. கடிதத்தின் விவரம் படத்துடன் பொருந்துகிறது. டாக்டரிடம் கொடுத்ததாக அதே கடிதம் சொல்கிறது. டாக்டரிடமிருந்து பிள்ளைகளுக்கும், 1954-இல் மகன் போல் வழியாக அரசுக்கும் வந்தது. இடையில் வணிகர் எவர் கையிலும் சிக்காத இத்தகைய சங்கிலி வான் கோவின் படங்களில் எளிதில் கிடைப்பதன்று.

எஞ்சுவது பெயர். ‘தோட்டத்தில் மார்கரித் கஷே’ என்று வான் கோ எங்கும் எழுதவில்லை. படம் குடும்பத்தாரிடமே இருந்ததால் உருவம் யாருடையது என்பதும் அவர்கள் வழியாகவே வந்தது என்று கொள்வதே பொருத்தம். 1869-இல் பிறந்த மார்கரித் அந்த வீட்டில் வாழ்ந்த இளம்பெண் என்பதால் அந்த அடையாளம் ஏற்கத்தக்கதே. ஆனால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு படத்தில் ஒரு காதல் கதையைத் தேடுவோர் பலர். கடிதங்கள் அதற்கு இடம் தரவில்லை. தியோவின் மனைவி யோவுக்கு இவள் நல்ல தோழியாவாள் என்ற அளவிலேயே மார்கரித்தைப் பற்றிய பேச்சு நிற்கிறது. மார்கரித் என்ற மனிதரை வான் கோ எப்படிக் கண்டார் என்று அறிய விரும்புவோர் பாசலில் உள்ள பியானோப் படத்திடம் போக வேண்டும். ஓர்சேயில் உள்ள படத்துக்குப் பொருத்தமான விவரம், ஜூன் 3 கடிதத்தில் ஓவியரே எழுதிக் கொடுத்தது: வெள்ளை ரோஜாக்கள், திராட்சைக் கொடிகள், அவற்றுக்குள் ஒரு வெள்ளை உருவம்.